மூலை மட்டம்

நம் வீடுகளில் வாடகை கொடாமல் குடியிருந்து வரும் இங்கிலீஷ் வார்த்தைகள் அநேகம். அவற்றுள் ஒன்று ‘நார்மல்’. வைத்தியர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, “நார்மல்தான், போய் வாருங்கள்” என்கிறார். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் கவலையோடு நிற்கும் பாட்டி, “நார்மலுங்களா?” என்று கேட்டு, ஆமென்றதும் பழனி இருக்கும் திசையை நோக்கிக் கை கூப்புகிறாள். புயல் ஓய்ந்து பஸ் ஓடத் தொடங்கினால் ஊர் நார்மலாகிவிட்டது என்கிறோம். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதியாத கிழவிக்கும் இந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். ஆகையால் அதைப் பற்றி நான் ஒருபோதும் யோசித்ததில்லை. சென்ற ஆனி மாதம் அது என் பேத்தியின் நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மசியில் எழுதப்பட்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் யோசிக்க வேண்டியதாயிற்று.

பேத்திக்கு வயது ஆறு. பெருந்துறையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு வாசிக்கிறாள். அன்று மாலை வந்தவள் வழக்கம்போல் பையை எறிந்துவிட்டு ஓடவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன அம்மிணி, உடம்புக்கு ஆகவில்லையா?” என்று கேட்டேன்.

பதில் இல்லை. இடது கையைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள். நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷில் இரண்டே வரிகள். குழந்தை இடக்கையால் எழுதுகிறாள், இது நார்மல் அல்ல, வீட்டிலேயே திருத்தி அனுப்பவும் என்பது அவற்றின் சாரம்.

என் மனைவிக்குக் கோபம் வந்தது. “ஒரட்டாங்கையில் எழுதினால் எழுத்து ஓடியா போய்விடும்? சோறு தின்பது சோத்தாங்கையில்தானே?” என்றாள். மருமகளுக்குக் கண் கலங்கிற்று. என் மகன் சிப்காட்டிலுள்ள ஆலை ஒன்றில் எஞ்சினியர். அவன் இருட்டிய பிறகு வீடு திரும்பி, அந்த இரண்டு வரிகளையும் நின்றபடியே படித்தான். ஒன்றும் பேசவில்லை. தன் வலது கை விரல்களை ஒரு தரம் மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டான். பிறகு குளிக்கப் போய்விட்டான்.

அந்தச் சைகையின் அர்த்தம் எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரியும். சுமார் முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன் அவனும் இடது கையால்தான் பென்சில் பிடித்தான். அவனைத் திருத்தும்படி எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குக் கடிதம் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லை, நானே வாத்தியார். ஒரு துண்டும் ஒரு ரூல் தடியும் போதுமாயிருந்தன. துண்டு, இடது கையை நாற்காலியோடு கட்டுவதற்கு. ரூல் தடி, கட்டு அவிழ்ந்த சமயங்களில் உபயோகிப்பதற்கு. ஆறு மாதத்தில் பையன் வலக்கைக்கு மாறிவிட்டான். பெரிய காரியம் ஒன்றைச் சாதித்துவிட்டதாக நான் எண்ணிக்கொண்டேன்.

அவனுடைய கையெழுத்து இன்றுவரை கோழி கிளறிய குப்பையைப் போலத்தான் இருக்கிறது. அந்த ஆறு மாதத்தை அடுத்து ஒரு வருஷ காலம் அவனுக்குப் பேச்சும் திக்கிற்று. பிறகு தானாகவே சரியாயிற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று சொல்ல நான் வைத்தியன் அல்ல. ஆனால் சம்பந்தமே இல்லையென்று என்னை நானே சமாதானம் செய்துகொள்ளவும் முடிந்ததில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியாருக்குத் தூக்கம் வராவிட்டால் அகராதிதான் கதி. பரண்மேல் கிடந்த தடித்த இங்கிலீஷ் அகராதியை இறக்கித் தூசி தட்டினேன். ‘வழக்கமானது, இயல்பானது’ என்று நாம் எல்லோரும் அறிந்த பொருள்தான் முதலில் இருந்தது. அதன் பிறப்பு வளர்ப்பைச் சொல்லும் சிறிய எழுத்து வரிகளுக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

லத்தீன் பாஷையில் ‘நார்மா’ என்றால் மூலை மட்டம்! ரோமாபுரியின் தச்சனும் கொத்தனும் கையில் வைத்திருந்த கருவி. நேயர்கள் நம் ஆசாரிகளிடம் இதைப் பார்த்திருப்பார்கள். நமது ‘ட’ என்னும் எழுத்தைப் போல, இரண்டு சட்டங்களை மூலையில் சேர்த்த ஒன்று. கதவு நிலையின் மூலையில் அதை வைத்துப் பார்த்தால், இரண்டு மரங்களும் செங்கோணத்தில் சேர்ந்திருக்கின்றனவா இல்லையா என்பது தெரிந்துவிடும். ‘நார்மாலிஸ்’ என்றால் மூலை மட்டத்துக்கு ஒத்து வந்தது. இவ்வளவுதான் அந்த வார்த்தையின் பூர்வீகம். அது இங்கிலீஷுக்கு வந்த 17-ஆம் நூற்றாண்டிலும் செங்குத்தான கோட்டையே குறித்தது. மனிதர்களை அது எட்டிப் பார்க்கவே இல்லை.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மகன் விளக்கு எரிவதைக் கண்டு என் அருகில் வந்து நின்றான். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“ஏனுங்கப்பா, எங்கள் வரைபடங்களில் இன்றைக்கும் அதுதானே அர்த்தம்? ஒரு பரப்புக்கு நார்மல் என்றால் அதற்குச் செங்குத்தாக நிற்கும் கோடு” என்றான். சற்றுப் பொறுத்து, “அது கோட்டுக்குச் சொல்கிற வார்த்தைங்கப்பா” என்று கூறிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

கோட்டுக்குச் சொன்ன வார்த்தை குழந்தைக்கு எப்படி வந்தது? அடுத்த சில நாட்கள் இதே வேலையாயிருந்தேன்.

தச்சுப் பட்டறையிலிருந்து வெளியே போன வார்த்தை இது ஒன்று மட்டுமல்ல என்பது முதலில் தெரிந்தது. இங்கிலீஷில் மிகப் பெரியது என்று பொருள்படும் ‘எனார்மஸ்’ என்பதும் இதன் உடன்பிறப்பே. மட்டத்தை மீறி வெளியே போனது என்பது அதன் ஆதிப் பொருள். ‘ரெகுலர்’ என்பதும் ‘ரூல்’ என்பதும் ‘ரெகுலா’ என்ற லத்தீன் சொல்லின் குழந்தைகள். ரெகுலா என்றால் கோடு போடும் நேர்ச்சட்டம். சட்டத்துக்கு இங்கிலீஷில் ரூல் என்ற பெயர் எப்படி வந்ததென்று இப்போது விளங்குகிறது. தமிழிலோ ‘சட்டம்’ என்ற ஒரே சொல் மரத்தையும் குறிக்கும், நியாய ஸ்தலத்து விதியையும் குறிக்கும். நான் என் மகனின் விரல்மேல் உபயோகித்த ரூல் தடியும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான் என்பதை நினைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம் உண்டாகவில்லை.

மனிதர்களை நோக்கி நார்மல் நடக்கத் தொடங்கியது பிரான்ஸ் தேசத்தில் என்று சொல்லலாம். புரட்சிக்குப் பின், 1794-ல், வாத்தியார்களைப் பழக்குவதற்குப் பாரிஸ் நகரில் ஒரு கலாசாலை வைத்தார்கள். மற்றப் பள்ளிகளுக்கெல்லாம் மட்டப் பலகையாக விளங்க வேண்டும் என்ற கருத்தில் அதற்கு ‘நார்மல்’ பள்ளி என்று பெயர் கொடுத்தார்கள். அந்தப் பெயர் கடல் கடந்து நம்மிடமும் வந்தது. 1856-ல் சென்னையில் ஏற்பட்ட அரசாங்க நார்மல் பள்ளிதான் பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில்கூட முதிய வாத்தியார்கள் சிலர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை ‘நார்மல் ஸ்கூல்’ என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது அதன் பொருளை நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அடுத்து வந்தவர் பெல்ஜியம் தேசத்து வான சாஸ்திரியான குவெட்லெட். இவர் கதை விசித்திரமானது. வான சாஸ்திரிகள் ஒரு நட்சத்திரத்தின் இடத்தைப் பல தடவை அளப்பார்கள். அளவுகள் சற்றே முன்னும் பின்னுமாக விழும். பெரும்பாலானவை நடுவில் குவியும். வெகு தூரம் விலகியவை சிலவே இருக்கும். நடுவில் இருப்பதை உண்மையென்றும், விலகியவற்றைப் பிழையென்றும் அவர்கள் கொள்வார்கள். நட்சத்திரத்துக்கு இது மெத்தச் சரி. குவெட்லெட் இதே கணக்கை மனிதர்கள்மேல் போட்டார். ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் 5,000-க்கும் மேற்பட்டோரின் மார்புச் சுற்றளவுகளைப் பார்த்தார். அவையும் நட்சத்திர அளவுகளைப் போலவே நடுவில் குவிந்து இருபுறமும் சரிந்தன. 1835-ல் வெளியான தம் நூலில் அவர் ‘சராசரி மனிதன்’ என்று ஒருவனைச் சிருஷ்டித்து, அவனையே மனித குலத்தின் இலட்சியமாக நிறுத்தினார். அப்படியானால் நீங்களும் நானும் யார்? அந்தச் சராசரி மனிதனைச் செய்யப் புகுந்த இயற்கை கைதவறிச் செய்த பிழைகள்!

அதே 19-ஆம் நூற்றாண்டில் வைத்தியர்களும் ஆரோக்கியமான உடம்பை நார்மல் என்று அழைக்கத் தொடங்கினார்கள். டார்வினுடைய உறவினரான கால்டன் என்னும் இங்கிலீஷ்காரர் அந்தக் குவியல் கோட்டுக்கே நார்மல் என்ற பெயரை வழங்கினார். நடுவுக்குக் கீழே இருப்பவர்களைப் பெருக விடலாகாது, மேலே இருப்பவர்களைப் பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883-ல் பெயர் சூட்டியவரும் அவரே. அந்தக் கொள்கை எங்கே போய் முடிந்தது என்பதை உலகம் அறியும். அமெரிக்காவில் இந்தியானா ராஜ்யம் 1907-லும், ஹிட்லரின் ஜெர்மனி 1933-லும், நார்மல் அல்லாதவர்கள் என்று தாங்கள் முத்திரை குத்தியவர்களுக்குப் பிள்ளை பிறவாதபடி செய்யச் சட்டம் இயற்றின. கதவு மூலையைச் சரிபார்க்கப் பிறந்த ஒரு கருவி இவ்வளவு தூரம் போயிற்று.

என் பேத்தியின் நோட்டில் எழுதிய அம்மாளுக்கு இவை ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. எழுபது வயது வரையில் எனக்கே தெரியாது. ஆயினும் வார்த்தையின் பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு தரம் விசாரித்து வரலாமென்று தோன்றிற்று. பிறந்த வீடு ரோமாபுரி அல்ல, தச்சுப் பட்டறை. அது எங்கள் தெருக் கோடியிலேயே இருக்கிறது.

பட்டறைக்காரர் எனக்கு ஏறக்குறைய சம வயதினர். தலைமுறை தலைமுறையாகக் கலப்பையும் வண்டியும் செய்த குடும்பம். டிராக்டரும் ரப்பர் டயரும் வந்த பிறகு கதவும் கட்டிலும் செய்து பிழைக்கிறார். நான் போனபோது ஒரு வேப்பம் பலகையை இழைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க வாத்தியாரய்யா, உட்காருங்க” என்று முக்காலியைத் தட்டிப் போட்டார்.

“ஆசாரியாரே, உமது மூலை மட்டத்தைச் சற்று காட்டும்” என்றேன்.

வியப்போடு எடுத்துக் கொடுத்தார். அவருடைய தகப்பனார் காலத்தது. கை பட்டுப் பட்டு மரம் மெழுகியதுபோல் வழுவழுப்பாயிருந்தது. இதற்கு ஒத்து வராத மரத்தை என்ன செய்வீர் என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “மரம் எங்கேங்க ஒத்து வரும்? எந்த மரம் மூலை மட்டத்துக்குள் முளைக்கிறது? மட்டம் மரத்துக்கு இல்லீங்க. நான் போடுகிற மூட்டுக்கு. மூட்டு கோணலானால் அது என் தப்பு. மரத்தின்மேல் என்ன தப்பு?”

பிறகு எழுந்து போய்ப் பின்புறத்தில் சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய கலப்பையைக் காட்டினார். வேல மரத்தில் செய்தது. நடுவில் முழங்கையைப் போல மடங்கியிருந்தது. அந்த மடிப்பு அவர் செதுக்கியதல்லவாம். அந்தக் காலத்தில் கலப்பைக்கு மரம் தேடிப் போனால், கொரங்காட்டில் நேராய் வளர்ந்த வெள்வேலையும் கருவேலையும் விட்டுவிட்டு, இயற்கையாகவே வளைந்த கிளையைத்தான் குறி வைப்பார்களாம். நேரான மரத்தை வளைவாகச் செதுக்கினால் நார் குறுக்கே அறுபட்டுவிடும். முதல் உழவிலேயே முறியும். பிறவியிலேயே வளைந்த மரத்தில் நாரும் வளைவோடு கூடவே ஓடுகிறது. மாடு இழுக்கும் இழுப்புக்கெல்லாம் அது ஈடு கொடுக்கும். வண்டிச் சக்கரத்தின் வட்டைக்கும் அப்படியேதானாம்.

“நேராய் இருக்கிறதை நிலைக்கு வைத்துக்கிறோம், கோணலாய் இருக்கிறதை ஏருக்கு வைத்துக்கிறோம். ஏர் இல்லாமல் நிலைக்குள்ளே இருக்கிறவன் என்னத்தைச் சாப்பிடுவான்?” என்றார்.

மறுபடியும் இழைப்புளியைக் கையில் எடுத்தவர், இரண்டு இழைப்புக்குப் பின் நிறுத்திவிட்டுப் பலகையைத் தலைமாறாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். நார் அந்தப் பக்கம் ஓடுகிறது, எதிர்த்து இழைத்தால் சிராய் கிளம்பும் என்றார். “கையை வருத்துவதைவிடப் பலகையைத் திருப்புவது சுலபங்க.”

அவர் என் மகனைப் பற்றியோ பேத்தியைப் பற்றியோ ஒன்றும் அறியார். நான்தான் முக்காலியில் நெளிந்தேன்.

எழுந்திருக்கும்போது அவர் ஒரு கட்டையின்மேல் நூல் அடிப்பதைப் பார்த்தேன். செங்காவியில் தோய்த்த நூலை இரண்டு முனைகளிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால், கட்டையின்மேல் சிவப்பாக ஒரு நேர்கோடு விழுகிறது. ‘நூல் பிடித்தாற்போல’ என்ற வழக்கு இங்கிருந்து வந்ததுதான். ஆசாரிகள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கே ‘நூல்’ என்று பெயர். அந்தச் செங்காவிக் கோட்டைப் பார்த்தவுடன், முப்பது வருஷங்களாக வகுப்பில் நான் ஒப்பித்து வந்த ஒரு சங்கதி, முதல் தடவையாகப் புரிந்தாற்போல நெஞ்சில் தைத்தது.

தமிழில் புத்தகத்துக்கு நூல் என்று பெயர். அந்தப் பெயருக்குக் காரணம் கூறும் இலக்கணம் நன்னூல். அதன் பாயிரத்தில் பவணந்தி முனிவர் இரண்டு உவமைகள் சொல்கிறார். ஒன்று பஞ்சை இழையாக்கும் நூற்பு வேலை. சொற்கள் பஞ்சாகவும் புலவன் நூற்கும் பெண்ணாகவும் அங்கே வருகிறார்கள். மற்றொன்று தச்சு வேலை. ஆசாரி அடிக்கும் நூல் மரத்தின் கோணலைத் தீர்க்கிறது. அதைப் போல மனத்தின் கோணலைத் தீர்ப்பதே நூலின் பெருமை என்கிறார். ரோமாபுரியின் தச்சன் உலகத்துக்கு ‘நார்மல்’ என்ற வார்த்தையைக் கொடுத்தான் என்றால், நம் ஊர்த் தச்சன் தமிழுக்கு ‘நூல்’ என்ற வார்த்தையின் மாண்பையே கொடுத்திருக்கிறான்!

நம் ஊர் என்று நான் சொல்வது வெறும் அலங்காரமல்ல. பெருந்துறைக்குச் சில மைல் தொலைவில் சீனாபுரம் என்ற ஊர் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது மாட்டுச் சந்தைக்குப் பெயர் போன இடம். நன்னூல் சிறப்புப் பாயிரத்தில் வரும் ‘சனகை’ இந்தச் சீனாபுரமே, பவணந்தியார் பிறந்த மண் இதுவே என்பது எங்கள் பக்கத்து வழக்கு. அடுத்தாற்போல் உள்ள விஜயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரரின் பழைய சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் வேண்ட, சுமார் எண்ணூறு வருஷங்களுக்கு முன் அவர் நன்னூலை இயற்றினார். பெருந்துறை வாத்தியார் ஒருவர் அதைச் சொல்லிக் கொடுக்கையில் சற்றுப் பெருமை கொள்வதை நேயர்கள் மன்னிக்கலாம்.

பெருமை கொண்டேனேயன்றி, அவர் சொன்னதை நான் கவனிக்கவில்லை. நூல் தீர்க்க வேண்டியது மனக் கோணலை. கைக் கோணலை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அதிலும், யாருடைய மனக் கோணலை? நான் சிறுவனுடைய கையில் கோணலைத் தேடிக்கொண்டிருந்தேன். அது அவன் எதிரே ரூல் தடியோடு நின்றவனுடைய மனத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து, அட்டை கிழிந்த பழைய நன்னூலைப் புரட்டினேன். நல்லாசிரியனுக்கு இலக்கணம் சொல்லுமிடத்தில், கொள்பவனுடைய தன்மை அறிந்து அவன் உள்ளம் கொள்ளும்படி கொடுக்க வேண்டும் என்கிறார் பவணந்தியார். ஆசிரியனாகத் தகாதவனுக்கு நான்கு உவமைகள் கூறுகிறார். கழற்காய் இட்ட குடம் ஒன்று; போட்ட வரிசையில் அது திருப்பித் தராது. ஏற விடாத மடற்பனை ஒன்று. பஞ்சு அடைத்த குண்டிகை ஒன்று. நான்காவது முடத்தெங்கு. வளைந்த தென்னை; ஒருவன் வீட்டில் நின்று, அவன் வார்க்கும் நீரைக் குடித்து, அடுத்தவன் தோட்டத்தில் காயை உதிர்க்கும்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். ஊரார் பிள்ளைகள் எத்தனை தரம் கேட்டாலும் முகம் சுளியாமல் சொல்லிக் கொடுப்பேன். ஓய்வு பெற்ற நாளில் அதைச் சொல்லித்தான் மாலை போட்டார்கள். என் சொந்த வீட்டுக் குழந்தைக்குக் கிடைத்ததோ துண்டும் ரூல் தடியும். அந்தச் சூத்திரத்தை நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். அதில் வரும் கோணல் மரம் மாணாக்கன் அல்ல, வாத்தியார் என்பதை அன்றுதான் கண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சண்டை போடும் எண்ணத்தோடு போனதாகவே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உபாத்தியாயினி இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுப் பெண். எழுந்து நின்று, “உட்காருங்க ஐயா” என்றாள். வகுப்பில் நாற்பது குழந்தைகள். ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர். என் பேத்தியின் இடது முழங்கை, பக்கத்துக் குழந்தையின் வலது முழங்கையோடு நாள் முழுவதும் மோதுகிறதாம். இரண்டு நோட்டும் கிறுக்கலாகிறதாம். அந்தக் குழந்தையின் தாயார் வந்து சத்தம் போட்டாராம். அவள் தப்பான வார்த்தையை எழுதினாளே தவிர, அவளுடைய கஷ்டம் பொய்யல்ல.

“அம்மா, பலகையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாமா?” என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. பேத்தியைப் பெஞ்சின் இடது கோடியில் உட்கார வைத்தால் அவள் முழங்கை யார்மேலும் படாது என்று சொன்னேன். நம்முடைய எழுத்து இடமிருந்து வலமாகப் போவதால் இடக்கைக்காரர்கள் எழுதியதைத் தாங்களே கையால் தேய்த்து அழித்துவிடுகிறார்கள்; நோட்டின் தலையைச் சற்று வலப்புறம் சாய்த்து வைத்தால் அதுவும் தீரும். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, “எனக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கலீங்க ஐயா” என்றாள். எனக்கும் எந்த நார்மல் பள்ளியிலும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றேன்.

பேத்தி மட்டும் உடனே சமாதானமாகவில்லை. பெரியவர்கள் எழுதிய ஒரு வார்த்தையைக் குழந்தைகள் எளிதில் மறப்பதில்லை. மேலும் ஒரு வாரம் கையை ஒளித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பின், “அப்பாரு, வேறு யாராவது இந்தக் கையில் எழுதுவார்களா?” என்று கேட்டாள். நூறு பேரில் சுமார் பத்துப் பேர் எழுதுவார்கள் என்றேன். அது அவளுக்குப் போதவில்லை. பெயர் சொல்ல வேண்டுமாம்.

ஆகவே காந்திஜியைச் சொன்னேன். மகாத்மா பிறவியில் இடக்கைக்காரர் அல்லர். இரண்டு கையாலும் எழுதப் பழகியவர். 1909-ஆம் வருஷம் நவம்பர் மாதம், லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில், ‘ஹிந்த் சுயராஜ்யம்’ என்னும் நூலைப் பத்தே நாளில் எழுதி முடித்தார். கப்பல் காகிதத்திலேயே 275 பக்கம். வலக்கை ஓய்ந்து போனபோது இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். ஏறக்குறைய 40 பக்கம் இடக்கையால் எழுதியவை. தேசத்தின் சுதந்தரத்தைப் பற்றி எழுதியதில் இவை வலக்கைப் பக்கம், இவை இடக்கைப் பக்கம் என்று அச்சுப் புத்தகத்தைப் படிப்பவர் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

“காந்தித் தாத்தாவை டீச்சர் திட்டினார்களா?” என்று கேட்டாள்.

“கப்பலில் டீச்சர் இல்லை, அம்மிணி.”

அவள் சற்று யோசித்துவிட்டு, இடது கையை வெளியே எடுத்துத் தட்டிலிருந்த கடலை மிட்டாயை எடுத்துக்கொண்டாள்.

என் மகனிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கியிருந்தது. அகராதியில் பார்க்கக்கூடிய சமாசாரம் அல்ல அது. பல நாள் வாயெடுத்து, பல நாள் விழுங்கினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் ஈசி நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது, “அந்த ரூல் தடி விஷயத்தில் நான் செய்தது தப்பு” என்று சொல்லிவிட்டேன். அவன் பத்திரிகையை இறக்காமலே, “விடுங்கப்பா, அந்தக் காலம்” என்றான். பக்கத்தைத் திருப்பவும் இல்லை. வெகு நேரம் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை முற்றத்தில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அப்பனும் மகளும் ஒரே பலகையின்மேல் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் இடது கையில் பென்சில். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அந்தக் கையால் ‘அ’ எழுதிப் பார்க்கிறான். சுழி மேலே ஏறாமல் சறுக்குகிறது; கோடு நடுங்குகிறது. பேத்தி அவன் விரல்களைத் தன் சின்ன விரல்களால் பிடித்து, நோட்டைச் சாய்த்து வைத்து, பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, வெகு கவலையாக முறையிட்டாள்:

“பாருங்க அப்பாரு! அப்பாவுக்கு நார்மலாகவே எழுத வரவில்லை!”